வானத்தில் மூன்று பேர், கதவில் மூன்று கோடு

ஆட்களை மலைக்கு மேலே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுவதைப் போல வில்லங்கமான தொழில் வேறொன்று இருக்க முடியாது. கடை நடத்துபவர்களும், டியூசன் வகுப்பு நடத்துபவர்களும், கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர்களும் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் யாரும் மூவாயிரம் அடி உயரத்தில் வைத்து "யன்னலைக் கொஞ்சம் திறக்கலாமோ" என்று கேட்டிருக்க மாட்டார்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தவன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, அதன் தெற்குப் பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் அறையில் குடியிருந்தேன். என் மனைவியின் தம்பி குகன் ஐந்து வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து, அந்தச் சம்பளத்தில் விமானம் ஓட்டப் படித்து, முறையான லைசன்சும் எடுத்துவிட்டான். வேலைதான் கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் எத்தனை மணித்தியாலம் ஓட்டியிருக்கிறாய் என்று கேட்டார்கள். ஓட்டினால்தான் மணித்தியாலம் சேரும், மணித்தியாலம் சேர்ந்தால்தான் ஓட்டத் தருவார்கள். அதுவரை பெற்றோல் நிலையம்.

வேல்ஸ் மலைகளுக்கு நடுவில் புல்லுத் தரையில் ஒரு சிறிய விமானத்தளம் வைத்திருந்தவர் கிரிபித்ஸ். விமானமும், பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதியும் அவருடையவை. ஆட்களை லண்டனிலிருந்து கொண்டுவருவது நான், ஓட்டுவது குகன். சனி, ஞாயிறுகளில் மட்டும், மே தொடக்கம் செப்டம்பர் கடைசி வரை. ஒரு தடவைக்கு மூன்று பேர், அரை மணி நேரம். ஒரு மரக்கட்டையில் கோர்த்த விமானச் சாவியை என் கையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "மூன்று பிழை வரைக்கும் பொறுப்பேன். மூன்றாவது பிழையன்று இந்தச் சாவி என் மேசைக்கு வந்துவிட வேண்டும்."

ஒரு துண்டு குறைகிறது

முதல் நாள். எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். மூன்று சில்லுக்கும் கீழே நசுங்குவதற்கு மூன்று தேசிக்காய் வைத்தோம். முன் சில்லுக்கு எதிரே என் மனைவி தேங்காய் உடைத்தாள். அதுவரை சரி. பிறகு நான் கற்பூரத்தைக் கொளுத்தினேன். இறக்கையில் முழு டாங்க் எரிபொருள் நிற்கிறது என்பது கற்பூரத்துக்கும் தெரியாது, எனக்கும் நினைவில்லை. கிரிபித்ஸ் அறுபது வயது மனிதர். தீயணைப்புக் குழாயோடு அவர் ஓடிவந்த வேகம் அந்த வயதுக்கு உரியது அல்ல.

கற்பூரம் அணைந்த பிறகு தேங்காயைப் பார்த்தார். ஒரு சிரட்டைத் துண்டு பறந்து போய் விசிறியில் பட்டால் என்ன ஆகும் என்று மெதுவாக விளக்கினார். பிறகு எங்களை முழங்காலில் இருத்திப் புல்லைத் தடவித் துண்டு பொறுக்கவைத்தார். பொறுக்கியதை மேசையில் பரப்பி, பிள்ளைகள் படம் பொருத்துவது போல அந்தத் தேங்காயைத் திரும்ப முழுத் தேங்காயாக அடுக்கினார். கடைசியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. "ஒரு துண்டு குறைகிறது," என்றார். எல்லோரும் திரும்பவும் குனிந்தோம், குகனைத் தவிர. அவன் மென்றுகொண்டிருந்தான்.

கிரிபித்ஸ் வெண்கட்டி எடுத்து விமானக் கொட்டகையின் கதவில் முதல் கோட்டைக் கீறினார். குகன் விழுங்கிவிட்டு என்னிடம் சொன்னான்: "அத்தான், சிரட்டை கீழதான் கிடக்கு. நான் உள்ளுக்கிருந்த தேங்காய்ச் சொட்டை மட்டுந்தான் எடுத்தனான்."

கோட்டுக்கு எவ்வளவு

சின்ன விமானத்தில் ஏறுபவரின் எடை விமானிக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டேன். பெண்கள் எல்லோரும் கல்யாண நாளில் இருந்த எடையைச் சொன்னார்கள். ஆண்கள் டாக்டர் இருக்கச் சொன்ன எடையைச் சொன்னார்கள். முதல் வாரம் அந்தக் கணக்கை நம்பி ஏற்றியபோது, ஓடுபாதை முடிகிற இடத்து வேலி அளவுக்கு மேல் கிட்ட வந்ததாகக் குகன் சொன்னான்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் கடைக்கு வர வேண்டும் என்று ஒழுங்கு செய்தேன். கீழே கடையில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசு இருந்தது. மரக்கறி வாங்க வந்தவர்கள் வரிசையாக நின்று பார்க்க, பயணிகள் ஒவ்வொருவராக அதில் ஏறினார்கள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் எடையைச் சத்தமாகச் சொல்லிவிடுவார். இரண்டு குடும்பங்கள் அந்த இடத்திலேயே பயணத்தை ரத்துச் செய்தன.

ஒரு வெள்ளிக்கிழமை, கம்பனி ஒன்றில் கணக்காளராக இருந்த பெரியவர் ஒருவர் ஏறினார். முள் நின்ற இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோட்டுப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். பிறகு கேட்டார்: "தம்பி, கோட்டுக்கு எவ்வளவு கழிப்பியள்?"

பத்தரைக்குப் பிறகு

சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அந்த நேரத்தில் ஆகாயத்தில் நிற்க ஒருவரும் தயாரில்லை. நல்ல காலம், மிச்சத்திலிருந்து ஐந்தரைக்கு மினிபஸ்ஸை எடுத்தால், வழியில் இரண்டு பேர் வண்டியை நிறுத்திச் சத்தி எடுப்பதையும் சேர்த்துப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிடும். ராகுவும் நெடுஞ்சாலையும் தங்களுக்குள் பேசி வைத்தது போல இருந்தது. சோதனையாக, குரொய்டன் பக்கம் குடியிருந்த தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் தன் காரிலேயே வருவதாகச் சொன்னார். முதல் நாளே வந்து தங்கிவிடுவாராம். அப்படியென்றால் ஒன்பதரைக்கே ஏற்றலாமே என்று கேட்டேன்.

"நான் டாக்டர் சார், இதெல்லாம் நம்புறதில்ல," என்றார். "ஆனா வொய்ஃப் ரொம்பப் பாப்பா. பத்தே முக்காலுக்குப் போட்டுடுங்க." போட்டேன். அந்தச் சனிக்கிழமை மினிபஸ்ஸுக்கு ஆள் இல்லை, நானும் குகனும் முதல் நாள் இரவே போய்த் தங்கியிருந்தோம். காலை அவர்கள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். விமானம் சும்மா நின்றது. வெயிலும் நன்றாக இருந்தது. டாக்டர் அந்தப் பக்கம் போனபோது, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று அந்த அம்மாவிடம் மரியாதையாகச் சொன்னேன். அவர் தெர்மஸைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்காகவா? எனக்கு எல்லா நேரமும் ஒண்ணுதாங்க. அவர் கோட்டு உள்பாக்கெட்டைப் பாருங்க, நாள்காட்டித் தாள் இருக்கும்."

கடிதமும் முத்திரையும்

இதை லண்டனில் இரண்டு வருடம் அகதி வழக்கு முடியாமல் காத்திருந்தவர்கள் கேட்டால் சிரிக்க மாட்டார்கள், தலையாட்டுவார்கள். நேசன் என்று ஓர் இளைஞர். மனோர் பார்க் பகுதியில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தவர். பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாக் கடிதங்களையும் கொண்டுவந்திருந்தார். உள்துறையிலிருந்து வந்தது, வக்கீல் எழுதியது, டாக்டர் எழுதியது. விமானம் என்றால் பேப்பர் கேட்பார்கள் என்பது அவருடைய அனுபவம். இங்கே ஒன்றும் தேவையில்லை என்று நான் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. பேப்பர் கேட்காத விமானத்தில் ஏறி ஒரு தடவை எங்கேயோ இறங்கியிருக்கிறார் போல.

நேரே கிரிபித்ஸிடம் போய் உறையை நீட்டினார். கிரிபித்ஸ் என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, எல்லாக் கடிதங்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பிறகு மேசை லாச்சியிலிருந்து தன் தளத்து ரப்பர் முத்திரையை எடுத்து, ஒரு வெள்ளை அட்டையில் குத்தி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். எழுந்து நின்று கையும் கொடுத்தார். நேசன் அந்த அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தமிழிலேயே அவரிடம் சொன்னார்: "ஒரே நாளில முடிவு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் ஐயா."

வடக்கு வீதி

முன் ஆசனத்தில் இருப்பவருக்கு எதிரேயும் ஒரு ஸ்டியரிங் இருக்கும். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமத்தினால் பேசுவது தளத்துக்கும், பக்கத்தில் பறக்கிற எல்லோருக்கும் கேட்கும். தொட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்வோம். சோமு அண்ணைக்கும் சொன்னோம். ஆனால் அவர் கிழக்கு லண்டனில் ஒரு கோயிலில் திருவிழாவுக்குத் திருவிழா ஒலிபெருக்கியில் அறிவித்தல் செய்பவர். வாய்க்கு முன்னால் மைக்கும் கைக்குப் பக்கத்தில் பொத்தானும் கிடைத்தால் அவர் என்ன செய்வார்?

கீழே கிரிபித்ஸின் அறையில் வானொலி திடீரென்று கணீரென்றது. "மெய்யடியார்களின் பணிவான கவனத்திற்கு. நாங்கள் இப்பொழுது தெற்கு வீதியைக் கடந்து மேற்கு வீதியை வந்தடைந்து கொண்டிருக்கின்றோம்." மலையைச் சுற்றிவருவதை அவர் சுவாமி வீதி சுற்றுவதாகவே எடுத்துக்கொண்டார். வடக்கு வீதியில் ஓர் ஏரி வந்தது, அதைத் தீர்த்தக்கேணி என்றார். குகன் பொத்தானிலிருந்து அவர் விரலை எடுத்துவிட, அவர் மற்றக் கையால் அமத்தினார். பன்னிரண்டு நிமிடம் அந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரும் வானொலியில் பேச முடியவில்லை. கடைசியில், "வெள்ளை நிற மினிபஸ் உரிமையாளர் தயவுசெய்து வாசலை மறித்து நிற்கும் தங்கள் வாகனத்தை அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்று முடித்தார்.

கிரிபித்ஸ் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனார். இரண்டாவது கோட்டைக் கீறிய பிறகுதான், அந்த மனிதர் என்னதான் சொன்னார் என்று கேட்டார். கடைசி வாக்கியத்தை மொழிபெயர்த்தேன். அவர் எட்டி வாசலைப் பார்த்தார். தீயணைப்பு வண்டிக்கென்று ஒதுக்கிய இடத்தில் என் மினிபஸ் நின்றது. "அதில் அவர் சொல்வது சரி," என்றார். "வண்டியை எடு. கோடு இருக்கும்."

நித்திரை

இது சின்ன விஷயம். வட லண்டனில், எட்மண்டன் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்த ஒருவர், ஷிப்ட் முடிந்த கையோடு மினிபஸ் ஏறி வந்திருந்தார். பெல்ட் போட்ட உடனே தூங்கிவிட்டார். மலை வந்தது, ஏரி வந்தது, நீர்வீழ்ச்சி வந்தது. பின்னால் இருந்த இரண்டு பேரும் அவரைத் தட்டினார்கள், உலுப்பினார்கள். குகன் அவருக்காக மலையை இன்னொரு தடவை சுற்றினான். சில்லு தரையைத் தொட்டபோதுதான் கண் திறந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த முறை உங்களைச் சும்மா ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் மலைகளை ஒரு தடவை பார்த்தார். "வேண்டாம் அண்ணை," என்றார். "மூண்டு வருசத்தில இண்டைக்குத்தான் ஆரும் எழுப்பாத இடத்தில படுத்தனான்."

படத்தில் நின்ற காகங்கள்

செப்டம்பர் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். கதவில் இரண்டு கோடு. சட்டைப்பையில் சாவி. குகன் ஒவ்வொரு ஞாயிறு இரவும் தன் பறப்புப் புத்தகத்தில் நேரத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு கோடையாவது ஓட்டினால் ஒரு விமானக் கம்பனியின் வாசலில் நிற்கலாம். எப்படியாவது இந்தப் பருவத்தை மூன்றாவது கோடு இல்லாமல் கடத்திவிட வேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் விளம்பரத் தாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மலையைப் படம் எடுத்தவன் குகன். மலையோடு, முன்னால் வேலியில் வரிசையாக இருந்த காகங்களும் படத்தில் விழுந்துவிட்டன. அந்தக் காகங்கள்தான் கிரிபித்ஸின் பரம வைரிகள். வெட்டிய புல்லில் பூச்சி தேடி ஓடுபாதை நிறைய வந்து இருக்கும். விமானம் இறங்கும் நேரத்தில் பறவை குறுக்கே வந்தால் ஆபத்து. அதனால் அவர் வெடிச்சத்தம் போடுகிற துவக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே இருப்பார். காகங்கள் அந்தச் சத்தத்துக்கு எப்போதோ பழகிவிட்டிருந்தன.

புரட்டாசி முதல் சனிக்கிழமை பவளம் அக்கா வந்தார். எட்மண்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கவுன்சில் ஃபிளாட்டில் ஐந்தாம் மாடி. தனியாக வந்திருந்தார், கையில் பெரிய பார்சலோடு. நான் சாப்பாட்டுப் பார்சல் என்று நினைத்தேன். அது சாப்பாடுதான், யாருக்கு என்பதில்தான் பிழை விட்டேன். குகன் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேலே போயிருந்தான். அடுத்த முறை பவளம் அக்காவின் முறை. தேடினால் ஆளில்லை. ஓடுபாதையின் கடைசித் தொங்கலில் ஒரு வாழையிலையை விரித்து, சோறும் பருப்பும் எள்ளும் பிசைந்து வைத்து, வானத்தைப் பார்த்து "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வந்தன. வேலியிலிருந்தும், கொட்டகைக் கூரையிலிருந்தும், பக்கத்து மலையிலிருந்தும் வந்தன. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கவே குகன் இறங்குவதற்குத் தாழ்ந்து வந்தான், கறுப்பு விரிப்பு விரித்தது போலக் கிடந்த ஓடுபாதையைக் கண்டான், சத்தத்தோடு மேலே ஏறிப் போய்விட்டான். கிரிபித்ஸ் துவக்கை வெடிக்கவைத்தார். ஒன்றும் அசையவில்லை. காகங்கள் ஆறுதலாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை குகன் மூன்று தடவை சுற்றினான். இறங்கியதும் அந்தக் குடும்பத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, சொன்னதைவிட மூன்று சுற்றுக் கூடக் காட்டியதற்கு நன்றி சொன்னார்.

கிரிபித்ஸ் மூன்றாவது கோட்டைக் கீறினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "வருகிற சனிக்கிழமைக்கு ஆட்கள் பதிந்திருக்கிறார்கள். அவர்களை ஏமாற்ற மாட்டேன். அன்று பின்னேரம் சாவியை மேசையில் வை," என்றார். குகன் விமானத்தின் இறக்கையைத் துடைக்கத் தொடங்கினான். ஏற்கெனவே துடைத்த இறக்கைதான். பவளம் அக்காவிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று போனேன். அவர் புல்லில் இருந்து மிகுந்த திருப்தியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காகத்துக்கு வைக்காமல் நான் சனிக்கிழமையில வாயில ஒண்டும் வைக்கிறேல்லை, தம்பி," என்றார். "வீட்டு பால்கனியில வைச்சன், பறவைக்குப் போடக்கூடாதெண்டு கவுன்சில் கடிதம் போட்டுட்டுது. பார்க்கில வைச்சன், மஞ்சள் ஜக்கற் போட்ட ஒருத்தன் வந்து அள்ளிக்கொண்டு போட்டான். உங்கட நோட்டீஸில காகம் நிக்கிற படத்தைக் கண்டோனதான் பதிஞ்சனான். நாலு சனியும் வைக்கவேணும். வாற கிழமைக்கும் எனக்கு ஒரு இடம் போடுங்கோ."

மூன்று பந்தி

இடம் போடவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அதிகாலை ஐந்தரைக்கு மினிபஸ் நிற்கிற இடத்தில் அவர் நின்றார். இந்தத் தடவை பார்சல் இரண்டு. எட்மண்டனிலிருந்து அந்த நேரத்தில் எப்படி வந்தாரோ தெரியாது. திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. முன் ஆசனத்தில் இருத்தி, ஒக்ஸ்போர்ட் தாண்டும்வரை பொறுத்திருந்து, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை, சாவியை, குகனின் மணித்தியாலங்களை.

"இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" என்று என்னிலேயே பாய்ந்தார். "பச்சைப் புல்லாக் கிடந்தது. பிளேன் இறங்கிற ரோட்டெண்டு ஆருக்குத் தெரியும்? நான் பார்க் எண்டெல்லே நினைச்சன்." பிறகு பார்சல் இரண்டையும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "காகத்துக்கு எங்க வைச்சாலும் ஒண்டுதான். பிளேன் வராத இடமாப் பார்த்துக் காட்டுங்கோ."

தளத்துக்குக் கீழே, மேட்டைத் தாண்டி, அரை மைல் தூரத்தில் ஆற்றோரமாகக் கிரிபித்ஸின் தரிசு நிலம் ஒன்று இருந்தது. அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் நாலாவது கோடு வரும், அதற்குக் கதவில் இடமிருந்தது. வேலிக்கு மேலால் பவளம் அக்காவை ஏற்றி இறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன். இலை விரித்தார், கூப்பிட்டார். மேட்டுக்கு மேலால் முதலில் இரண்டு வந்தன. பிறகு எல்லாம் வந்தன. சாப்பிட்டு முடித்தன. எழுந்து போகப் பார்த்தேன். "இருங்கோ, எங்க ஓடுறியள்," என்றார். "இது முதல் பந்தி. வந்த சனத்தைப் பாருங்கோ, அரைவாசிக்கு இடம் கிடைக்கேல்லை." ஒரு மணித்தியாலம் கழித்து இரண்டாம் பந்தி. மதியத்துக்குப் பிறகு மூன்றாம் பந்தி. இடையில் ஒரு காகமும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு நிற்கிற எங்கள் ஆட்களைப் போல, போவதா நிற்பதா என்ற கேள்வியே அவற்றுக்கு வரவில்லை. தலைக்கு மேலால் குகன் ஏறுவதும் இறங்குவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எண்ணினேன். எட்டுத் தடவை போய் எட்டுத் தடவை வந்தான்.

பின்னேரம் சாவியைக் கொண்டுபோய்க் கிரிபித்ஸின் மேசையில் வைத்தேன். அவர் சாவியைப் பார்க்கவில்லை. துவக்கு இன்னும் மடியில் இருந்தது. "காலையிலிருந்து ஒரு வெடி வைக்கவில்லை," என்றார். "என் காகங்கள் எங்கே?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஆற்றோரத்தில் பவளம் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி, வயிறு நிறைந்த காகங்கள் நடக்கக்கூட விருப்பமில்லாமல் இருந்தன. கிரிபித்ஸ் தொப்பியைக் கழற்றி, திரும்பவும் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து, கொட்டகைக் கதவுக்கு முன்னால் நின்று, பெருவிரலை எச்சிலில் தொட்டு மூன்றாவது கோட்டை அழித்தார். பறவைகளைப் பற்றிப் படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களோ தெரியாது. அவர் ஒத்துக்கொண்டார். "மற்ற இரண்டும் இருக்கும்," என்று சொல்லி, அறைக்குள் போய் மேசையில் கிடந்த சாவியை என் பக்கம் தள்ளினார். குகன் வெளியே போய்விட்டான். சீழ்க்கை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கிரிபித்ஸ் கொஞ்சம் தயங்கி, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் நிறைய விமானம் இருக்கிறது, அந்த அம்மா தங்கிப் போக முடியுமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பவளம் அக்கா மினிபஸ்ஸில் ஏறிக்கொண்டே சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமையில காகத்துக்கு வைக்க எனக்கென்ன விசரோ? தேவையெண்டால் அவர் வைக்கட்டும். சோறு குழையாமல் காய்ச்சச் சொல்லுங்கோ, குழைஞ்சால் அதுகள் தொடாது."

அடுத்த மே மாதம் நாங்கள் போனபோது ஆற்றோரத்தில் ஒரு பலகை மேசை போட்டிருந்தது, கிரிபித்ஸின் சமையலறையில் ஒரு மூட்டை அரிசி இருந்தது, அவர் ஒரு நாளைக்கு மூன்று பந்தி வைத்துக்கொண்டிருந்தார். பவளம் அக்கா அதற்குப் பிறகு நாலு வருடம் புரட்டாசிச் சனிகளில் வந்தார், ஒரு தடவைகூட விமானத்தில் ஏறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மேல போய் என்னத்தைப் பாக்கிறது, காகம் இஞ்சதானே நிக்குது," என்றார்.

குகனைப் பெரிய விமானக் கம்பனி ஒன்று எடுத்துக்கொள்ளும்வரை ஆறு கோடை அந்தத் தொழிலை நடத்தினேன். அத்தனை காலத்திலும் ஆகாயத்தால் ஒரு கஷ்டமும் வரவில்லை, வந்ததெல்லாம் ஆட்களால், அதில் அரைவாசி கையில் கற்பூரத்தோடு நின்ற என்னால்.